துளியிலா, ஆவியிலா? எல்சி-எம்எஸ்ஸில் அயனி பிறக்கும் இடம்

கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரிக்கும் எல்சியும் (திரவ வண்ணப்படிவுப் பிரிகை), மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகளை, அதாவது அயனிகளை, எடைபோடும் எம்எஸ்ஸும் (நிறை நிறமாலைமானி) பொருத்தம் பார்க்காமல் கட்டிவைத்த ஜோடி. ஒன்று நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் திரவத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மற்றொன்றுக்கு உள்ளே காற்றே ஆகாது. ஒரு மி.லி. தண்ணீர் முழுக்க ஆவியானால் அறை அழுத்தத்தில் சுமார் 1.3 லிட்டர். அதே ஆவி, எம்எஸ்ஸின் அயனி வடிகட்டியான குவாட்ருபோல் வேலை செய்யும் 10⁻⁵ டார் அழுத்தத்துக்குப் போனால் பத்துக் கோடி லிட்டர். அதுவும் நிமிடத்துக்கு நிமிடம். வெற்றிடம் உண்டாக்கும் எந்த டர்போ பம்ப்பும் இதற்கு ஈடுகொடுக்காது.

1970களிலும் 80களிலும் இந்தத் திரவத்தை எப்படியாவது வெற்றிடத்துக்குள் நுழைக்கத்தான் பலரும் பாடுபட்டார்கள். நகரும் பெல்ட்டில் ஊற்றி, உலர்த்தி, பெல்ட்டையே உள்ளே ஓட்டினார்கள். ஹூஸ்டனில் மார்வின் வெஸ்டலின் குழு சூடான நுண்குழாய் வழியே பீய்ச்சி தெர்மோஸ்ப்ரே கொண்டுவந்தது. பார்ட்டிகிள் பீம் என்ற இன்னொரு வழி சில காலம் ஓடியது. கடைசியில் நிலைத்தது இதற்கு நேர்மாறான யோசனை: திரவத்தை உள்ளே விடவே வேண்டாம், அயனியை வெளியே சாதாரணக் காற்றழுத்தத்திலேயே உண்டாக்கி, சின்னத் துளை வழியே அதை மட்டும் இழுத்துக்கொள்வோம். ஹூஸ்டன் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் ஹார்னிங் குழு 1970களின் முற்பாதியில் செய்த ஏபிசிஐ (காற்றழுத்த வேதி அயனியாக்கம்) இந்த வழியில் வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபென்னும் யாமாஷிட்டாவும் 1984-இல் வெளியிட்ட எலக்ட்ரோஸ்ப்ரேயும் (இஎஸ்ஐ) இதே வழிதான். ஃபென்னுக்கு 2002-இல் நோபல் கிடைத்தது.

இன்று எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் ஒரு படம் காட்டுவார்கள். கிடை அச்சில் முனைவுத்தன்மை, செங்குத்து அச்சில் மூலக்கூறு எடை, நடுவே மூன்று வண்ணத்தில் இஎஸ்ஐ, ஏபிசிஐ, ஏபிபிஐ (ஒளியால் அயனியாக்குவது). படத்தில் தப்பில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் சிக்னல் பாதியாகிக் கிடக்கும்போது அந்தப் படம் ஒரு உதவிக்கும் வராது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அயனி எங்கே பிறக்கிறது, துளிக்குள்ளா, ஆவியிலா? மொபைல் ஃபேஸ் (எல்சியில் ஓடும் கரைப்பான்), ஓட்ட வேகம், மேட்ரிக்ஸ் (மாதிரியில் கூடவே வரும் மற்ற பொருள்கள்) தொல்லை, எதைக் கழற்றித் துடைப்பது என்பது வரை எல்லாம் அந்த ஒரு பதிலிலிருந்து வருகிறது.

(ஒரு சொல் சிக்கல். எல்சியில் பிரிப்புக்கான குழலை (column) 'காலம்' என்று எழுதினால் பொழுதாகிவிடும், 'கோலம்' என்றால் வாசலுக்குப் போய்விடும். அதனால் இங்கே பிரிகுழல்.)

துளிக்குள் பிறப்பது

எலக்ட்ரோஸ்ப்ரேயில் அயனி பெரும்பாலும் திரவத்திலேயே தயாராகிவிடுகிறது. ஊசிக்கு 3 முதல் 4 கிலோவோல்ட் கொடுத்தால் முனையில் திரவம் கூம்பாக நீண்டு, நுனியிலிருந்து மின்னேற்றம் கொண்ட நுண்துளிகள் கிளம்பும். சூடான நைட்ரஜன் பட்டுத் துளி சுருங்கும். மின்னேற்றமோ குறையாது. பரப்பு இழுவிசையால் இதற்கு மேல் பிடித்துவைக்க முடியாது என்ற எல்லை வந்ததும் துளி வெடிக்கும். அந்த எல்லையை ரேலி 1882-இலேயே கணக்கிட்டுவிட்டார். கவனிக்க வேண்டியது வெடிக்கும் விதம். துளி இரண்டு சம பாதியாகப் பிளப்பதில்லை. ஒரு வெடிப்பில் நிறையில் 2 சதவீதம் போல்தான் போகிறது. மின்னேற்றத்தில் 15 சதவீதம் போல் போய்விடுகிறது. அதாவது பிய்ந்து போவது துளியின் தோல்.

கூட்டமான பேருந்தில் படிக்கட்டில் தொங்குபவர்தான் முதலில் இறங்குவார். துளியிலும் அப்படியே. நீர் வெறுக்கும் வால் உள்ள மூலக்கூறு பரப்புக்கு வந்து நிற்கும், வாயுவுக்குள் சுலபமாகப் போய்விடும். நீருடன் ஒட்டி உறவாடும் சின்ன மூலக்கூறு நடுவில் மாட்டிக்கொள்ளும். மின்னேற்றம் இருந்தும் சிக்னல் வராத பல சேர்மங்களின் கதை இதுதான். மேட்ரிக்ஸ் சப்ரெஷனும் (கூட வரும் பொருள்கள் சிக்னலை அமுக்குவது) இதுவேதான்: ரத்த மாதிரியிலுள்ள பாஸ்போலிப்பிடுகள் படிக்கட்டை மொத்தமாக அடைத்துக்கொண்டால், உங்கள் மருந்து உள்ளேயே நசுங்கும்.

இதிலிருந்து நேரடியாக வரும் சில விஷயங்கள்.

இஎஸ்ஐ செறிவைப் பார்க்கும் கருவி, நிமிடத்துக்கு எத்தனை நானோகிராம் வருகிறது என்பதைப் பார்ப்பதல்ல. 4.6 மி.மீ. பிரிகுழலில் 1 மி.லி. ஓட்டுவதால் சிக்னல் கூடாது, அயனி உண்டாகும் அறையான சோர்ஸ்தான் அழுக்காகும். 2.1 மி.மீ. குழலில் 0.3 முதல் 0.4 மி.லி. போதும். பழைய முறையை மாற்றவே முடியாது என்றால் டீ இணைப்பு போட்டு மூன்றில் இரண்டு பங்கைக் கழிவுக்கு அனுப்புங்கள். பீக் (சேர்மம் வரும்போது எழும் சிக்னல் முகடு) அப்படியே இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். செறிவு சுமார் 10 மைக்ரோமோலாரைத் தாண்டினால் செறிவுக்கும் சிக்னலுக்கும் இடையிலான நேர்கோடு வளையத் தொடங்கும். துளியிலுள்ள மின்னேற்றம் பங்கிட்டுத் தீர்ந்துவிடுவதே காரணம். டிடெக்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

கரைப்பான் கலவையைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போகும் கிரேடியன்டின் தொடக்கத்தில் 95 சதவீதம் தண்ணீர் இருக்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், மெத்தனாலுக்கு 22. அதனால் ஒரே ஊசியில் மெத்தனால் 2.2 கிலோவோல்ட்டில் தெளிக்கத் தொடங்கினால், தண்ணீருக்கு 4 வரை தேவைப்படும். சரி, வோல்ட்டேஜைக் கூட்டிவிடலாமே என்று கை போகும். அங்கேதான் தப்பு நடக்கிறது. வோல்ட்டேஜ் கூடினால் முனையில் கரோனா மின்னிறக்கம் (சுற்றியுள்ள வாயுவில் மின்சாரம் கசிவது) தொடங்கிவிடும். அது கண்ணுக்குத் தெரியாது, ஸ்பெக்ட்ரமில் தெரியும்: எம்/இசட் (நிறைக்கும் மின்னேற்றத்துக்குமான விகிதம்) 37, 55, 73 என்று 18 இடைவெளியில் நீர்க்கொத்துகள் எழுந்து நிற்கும். மெத்தனால் இருந்தால் 33, 65, 97. இவற்றைப் பார்த்தால் வோல்ட்டேஜை 200 வோல்ட் படிகளாகக் குறையுங்கள். சிக்னல் கூடும். எதிர்மின் அயனிகளைப் பார்க்கும் நெகட்டிவ் மோடில் மின்னிறக்கம் இன்னும் சீக்கிரமே வந்துவிடும். 2.5 கிலோவோல்ட்டில் தொடங்கி மேலே போவது நல்லது, 4-இல் தொடங்கிக் கீழே வருவது அல்ல. அசிட்டோநைட்ரைலுக்குப் பதில் மெத்தனால், அல்லது பிரிகுழலுக்குப் பின் கொஞ்சம் ஐசோபுரோப்பனால் சேர்ப்பது நெகட்டிவில் தெளிப்பை அடக்கமாக வைக்கும்.

பஃபர் (பிஎச்சை நிலைநிறுத்தச் சேர்ப்பது) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆவியாகாதது எதுவும் உள்ளே போகக் கூடாது. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 20 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட்டை 1 மி.லி. வேகத்தில் விட்டால், ஒரு மணி நேரத்தில் 160 மி.கி. உப்பு சோர்ஸுக்குள் கொட்டுகிறது. எட்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு கிராமுக்கு மேல். அயனி உள்ளே நுழையும் கோன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஃபார்மிக் அமிலம் 0.1 சதவீதம், அம்மோனியம் ஃபார்மேட் அல்லது அசிட்டேட் 5 முதல் 10 மில்லிமோலார், இவற்றுக்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். நெகட்டிவில் ஸ்டீராய்டு பார்ப்பவர்கள் 0.2 முதல் 1 மில்லிமோலார் அம்மோனியம் ஃப்ளூரைடு போட்டுப் பாருங்கள். ஈஸ்ட்ரடையாலின் 271-லிருந்து 145 (271 அயனி உடைந்து வரும் 145 துண்டு) சிக்னல் எழுந்துவரும். ஒரு மில்லிமோலாருக்கு மேல் போகாதீர்கள், சிலிக்காவுக்கு ஆகாது.

டிஎஃப்ஏ (டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) தனி ரகம். ஆவியாகும், பீக்கை அழகாக்கும், சிக்னலைக் கொன்றுவிடும். காரத்தன்மை உள்ள மூலக்கூறுடன் இறுக்கமாக ஜோடி சேர்ந்து மின்னேற்றத்தை நடுநிலையாக்கிவிடுகிறது. பெப்டைடுக்கு அது இல்லாமல் முடியாது என்றால், பிரிகுழலுக்குப் பின் புரோப்பியோனிக் அமிலமும் ஐசோபுரோப்பனாலும் கலந்து சிறிது சேர்த்தால் இழந்ததில் நல்ல பங்கு திரும்பி வரும். டிஎஃப்ஏ ஓட்டிய கருவியில் மறுநாள் நெகட்டிவ் பார்க்கத் திட்டமிட வேண்டாம். அதன் 113 அயனி வாரக்கணக்கில் விடாது. பாசிட்டிவில் அதே மாதிரி ஒட்டிக்கொள்ளும் பேய் டிரைஎத்திலமீன், 102-இல்.

எம்+எச் (புரோட்டான் ஒட்டிய மூலக்கூறு) இருக்க வேண்டிய இடத்துக்கு 22 தள்ளி, சோடியம் ஒட்டிய அயனி ஓங்கி நின்றால் முதலில் பாட்டில்களைப் பாருங்கள். மொபைல் ஃபேஸ் பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை இன்றே நிறுத்தலாம். நல்ல தண்ணீர், மெத்தனால், அவ்வளவுதான். கண்ணாடியிலிருந்தும் சோடியம் கசியும். 5 மில்லிமோலார் அம்மோனியம் ஃபார்மேட் சேர்த்தால் சோடியம் பின்வாங்கும். பதிலுக்கு 17 தள்ளி அம்மோனியம் அயனி வரலாம், அது எளிதில் உடையும் என்பதால், அயனியை உடைத்துத் துண்டுகளைப் பார்க்கும் எம்எஸ்/எம்எஸ்ஸில் பெரும்பாலும் நன்மைதான். சோடியம் அயனி உடையவே உடையாது, ஆற்றலைக் கூட்டக் கூட்டக் காணாமல் போகும். தெரிந்த மற்ற அழுக்குகளையும் சுவரில் எழுதி ஒட்டிவைக்கலாம்: 391 பிளாஸ்டிக்கிலிருந்து வரும் தாலேட், 413 அதே தாலேட்டின் சோடியம் வடிவம், 44 இடைவெளியில் வரிசையாக வந்தால் பாலிஎத்திலீன் கிளைக்கால்.

தெளிப்பைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் குறைந்துவிட்டது. சோர்ஸ் ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி முனையிலிருந்து சாம்பிராணிப் புகை போல நேராக, சீராக வந்தால் சரி. ஒரு பக்கம் சாய்ந்தாலோ, விட்டு விட்டு வந்தாலோ, முனையில் துளி தொங்கினாலோ எந்த வோல்ட்டேஜும் காப்பாற்றாது. ஊசி, வாயுவால் திரவத்தைத் தெளிக்கும் நெபுலைசர் குழாயிலிருந்து அரை முதல் ஒரு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே இழுத்துக்கொண்டால் வாயு திரவத்தைச் சிதறடிக்கும், அதிகம் நீட்டினால் வாயுவின் பிடி போய் துளி பெருக்கும். முனையில் வெள்ளையோ பழுப்போ படிந்திருந்தால், மெத்தனாலும் தண்ணீரும் சரிபாதி, ஒரு சதவீதம் ஃபார்மிக் அமிலம், அல்ட்ராசோனிக் தொட்டியில் 15 நிமிடம். அதிலும் சரியாகாத ஊசியை மாற்றிவிடுவது மலிவு.

மேட்ரிக்ஸ் எங்கே உதைக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. பிரிகுழலுக்கும் சோர்ஸுக்கும் நடுவே டீ. சிரிஞ்ச் பம்ப்பில் உங்கள் சேர்மம், 100 முதல் 500 நா.கி./மி.லி., நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர். அது ஒரு நேர்கோடாக ஓடும். இப்போது மருந்து இல்லாத வெற்றுப் பிளாஸ்மா சாறை ஊசியேற்றுங்கள். கோடு எங்கெல்லாம் குழிகிறதோ அங்கெல்லாம் யாரோ படிக்கட்டை அடைக்கிறார்கள். முதல் குழி உப்புகளால், ஒரு நிமிடத்துக்குள் வரும். கரிமக் கரைப்பான் ஏறிய பிறகு வரும் அகலமான குழி பெரும்பாலும் பாஸ்போலிப்பிடு. 496-லிருந்து 184, 758-லிருந்து 184 ஆகிய இரண்டு டிரான்ஸிஷன்களை (தாய் அயனி, அதன் துண்டு என்ற ஜோடிகளை) கூடவே போட்டுவைத்தால் அடையாளம் உறுதியாகிவிடும். உங்கள் பீக் குழியில் விழுந்தால் கிரேடியன்டை நகர்த்துங்கள், அல்லது சாறைப் பத்து மடங்கு நீர்த்துப்போகச் செய்யுங்கள். உள்ளகத் தரத்துக்கு (ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவில் சேர்ப்பது) டியூட்டீரியம் நிறைய உள்ளதைவிட கார்பன்-13 கொண்டது நல்லது. ஆறேழு டியூட்டீரியம் உள்ள மூலக்கூறு பிரிகுழலிலிருந்து ஓரிரு நொடி முன்னால் வந்துவிடும், குழியின் ஓரத்தில் அந்த ஓரிரு நொடி போதும் விகிதத்தைக் கெடுக்க.

ஆவியில் பிறப்பது

ஏபிசிஐயில் முதலில் எல்லாமே ஆவியாகிறது. நெபுலைசரிலிருந்து 350 முதல் 500 டிகிரி சூடான குழாய்க்குள் தெளிப்பு போகிறது. கேட்கப் பயமாக இருந்தாலும், ஆவியாதலே வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் மூலக்கூறு உணரும் சூடு அதைவிட மிகக் குறைவு. குழாயின் வாயில் ஒரு கூரிய ஊசி, 3 முதல் 5 மைக்ரோஆம்பியர் கரோனா. அது நைட்ரஜனை அயனியாக்கும், நைட்ரஜன் நீராவிக்குக் கொடுக்கும், நீர் ஹைட்ரோனியம் கொத்தாகும். கடைசியில் யாருக்குப் புரோட்டான் மீது ஆசை அதிகமோ அவர் தட்டிக்கொண்டு போவார்.

இங்கே துளியும் இல்லை, பரப்பும் இல்லை, படிக்கட்டுச் சண்டையும் இல்லை. உப்பும் பாஸ்போலிப்பிடும் சுலபத்தில் ஆவியாகாதவை என்பதால் போட்டிக்கே வருவதில்லை. அதனால்தான் ஏபிசிஐயில் மேட்ரிக்ஸ் தொல்லை பொதுவாகக் குறைவு. இஎஸ்ஐக்கு நேர்மாறாக இது நொடிக்கு எவ்வளவு பொருள் வருகிறது என்பதைப் பார்ப்பது, ஆகவே 0.5 முதல் 1 மி.லி. ஓட்டம் இதற்குப் பிடிக்கும். 0.2-க்குக் கீழே போனால் தள்ளாடும்.

சண்டை வேறு இடத்துக்கு மாறுகிறது: புரோட்டான் நாட்டம். ஒரு மோலுக்கு கிலோஜூல் கணக்கில் தண்ணீர் 691, மெத்தனால் 754, அசிட்டோநைட்ரைல் 779, அம்மோனியா 854, டிரைஎத்திலமீன் 982. உங்கள் சேர்மம் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. கீட்டோன், ஈதர் மாதிரி நாட்டம் குறைந்தவற்றைத் தேடும்போது மொபைல் ஃபேஸில் அம்மோனியம் உப்பு போட்டால் புரோட்டான் அம்மோனியாவிடமே தங்கிவிடலாம். டிரைஎத்திலமீன் போட்டவர் கதை முடிந்தது. மெத்தனாலா அசிட்டோநைட்ரைலா என்ற இடத்தில் ஏபிசிஐக்கு நான் மெத்தனால் பக்கம். நாட்டம் குறைவு, அதோடு அசிட்டோநைட்ரைல் கரோனா ஊசியில் கரி படியவைக்கும். ஊசி மழுங்கினால் மின்னோட்டம் துள்ளும். மெல்லிய உரசு தாளால் நுனியைத் துடைத்துக் கூராக்கினால் சரியாகிவிடும்.

கெட்ட பக்கம் சூடு. என்-ஆக்ஸைடு வளர்சிதைப் பொருள்கள் குழாயிலேயே ஆக்ஸிஜனை இழந்து 16 குறைந்து மூல மருந்து போலவே நிற்கும். குளுக்குரோனைடு உடைந்து மருந்தாகும். கொலஸ்டிரால் தண்ணீரை உதிர்த்துவிட்டு 369-இல்தான் தெரியும். 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி3-இன் 401-உம் அப்படித்தான் 383 ஆகப் பாதி கரைந்து வரும். பொருள் தெரிந்தால் இது பிரச்சினையே இல்லை, 383-ஐயே அளந்துகொள்ளலாம். தெரியாத பொருளைத் தேடும்போதுதான் ஏமாற்றும். ஒரு ஆறுதல்: சோர்ஸில் உண்டாகும் எதுவும் தாய் மூலக்கூறு வரும் அதே நேரத்தில்தான் வரும். பிரிகுழலில் இரண்டையும் விலக்கிவைத்தால் குழப்பம் தீர்ந்தது.

இந்த ஆறுதல் எவ்வளவு பெரியது என்பதற்கு என்டிஎம்ஏ (என்-நைட்ரோசோடைமெத்திலமீன், புற்றுநோய் அபாயமுள்ள மாசு) நல்ல உதாரணம். 2018-இல் வால்சார்ட்டன், 2019-இல் ரானிடிடின், 2020-இல் மெட்ஃபார்மின் என்று வரிசையாக மாத்திரைகளில் மாட்டிய அந்த நைட்ரோசமைன். ரானிடிடினைச் சூடான ஜிசியில் (வாயு வண்ணப்படிவுப் பிரிகை) போட்டால் அதுவே உடைந்து என்டிஎம்ஏவை உண்டாக்கிவிடும், அதனால் அந்த முறை கூடாது, எல்சி-எம்எஸ் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொன்னது. ஏபிசிஐயிலும் சூடு இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அதற்குள் பிரிகுழல் இரண்டையும் பிரித்துவிட்டது.

என்டிஎம்ஏ சின்ன மூலக்கூறு, எம்+எச் 75.0553. தண்ணீரில் கலந்து கிடக்கும், பரப்புக்கு வராது. எலக்ட்ரோஸ்ப்ரேயில் படிக்கட்டுக்கு வர முடியாத பயணி. எளிதில் ஆவியாகும், அதனால் ஏபிசிஐக்கு வாகானது. வேண்டிய அளவைக் கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு ஏற்கத்தக்க வரம்பு 96 நானோகிராம். மெட்ஃபார்மினை ஒரு நாளைக்கு 2550 மி.கி. வரை கொடுக்கிறார்கள். ஆக ஒரு கிராம் மருந்தில் சுமார் 38 நா.கி. மருந்தை 100 மி.கி./மி.லி. என்று கரைத்தால் கரைசலில் 3.8 நா.கி./மி.லி. இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கஷ்டம், கூடவே வரும் அந்த 100 மி.கி. மெட்ஃபார்மின். ஓட்டத்தைக் கழிவுக்குத் திருப்பும் டைவர்ட் வால்வு இல்லாமல் இதை ஊசியேற்றினால் பத்து ஊசியில் சோர்ஸ் வெள்ளையடித்த சுவராகிவிடும். மெட்ஃபார்மின் கிட்டத்தட்டப் பிடிபடாமல் முதலிலேயே வெளியேறும், அந்த நிமிடங்களைக் கழிவுக்குத் திருப்பி, என்டிஎம்ஏ வருவதற்கு அரை நிமிடம் முன்பு மட்டும் சோர்ஸுக்கு விட்டு, முடிந்ததும் மறுபடி கழிவுக்கு. கிரேடியன்டை 97, 98 சதவீதம் தண்ணீரில் தொடங்கினால்தான் என்டிஎம்ஏ கொஞ்சமாவது தங்கும். அதற்குத் தகுந்த, முழுத் தண்ணீரைத் தாங்கும் சி18 பிரிகுழல் வேண்டும். டிரான்ஸிஷன் 75-லிருந்து 43, 75-லிருந்து 58. உள்ளகத் தரத்துக்கு என்டிஎம்ஏ-டி6, 81-லிருந்து 46.

இதில் ஒரு பொறி உண்டு. மாத்திரையில் எஞ்சிய கரைப்பானாக டைமெத்தில்ஃபார்மமைடு இருக்கலாம். அதன் எம்+எச் 74.0600. கார்பன்-13 ஐசோடோப் 75.0634, நைட்ரஜன்-15 ஐசோடோப் 75.0571. என்டிஎம்ஏவுக்கும் கடைசியில் சொன்னதற்கும் வித்தியாசம் 0.0018, அதாவது 24 பிபிஎம் (பத்து லட்சத்தில் 24 பங்கு). முழு எண் அளவில் மட்டும் நிறையைப் பிரித்தறியும் யூனிட் ரெசல்யூஷன் குவாட்ருபோலின் முதல் வடிகட்டலில் மூன்றும் ஒன்றேதான். உயர் ரெசல்யூஷன் கருவியிலும் 42,000-க்குக் கீழே வைத்தால் இரண்டும் கலந்துவிடும். மெட்ஃபார்மினில் 2020-இல் ஒரு தனியார் ஆய்வகம் சொன்ன சில எண்கள் இப்படி ஊதிப்போனவை என்று எஃப்டிஏ ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே டைமெத்தில்ஃபார்மமைடை மட்டும் தனியாக ஊசியேற்றி, அது எந்த நிமிடத்தில் வருகிறது, என்டிஎம்ஏவிலிருந்து விலகி நிற்கிறதா என்று பார்க்காமல் ஒரு மாதிரியையும் அளக்கக் கூடாது. சோர்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை அது தீர்க்காது.

விளக்கு

ஏபிபிஐ சுருக்கமாக. ஏபிசிஐயின் அதே சூடான குழாய், ஊசிக்குப் பதில் கிரிப்டான் விளக்கு, 10.0 மற்றும் 10.6 எலக்ட்ரான்வோல்ட் ஒளி. தண்ணீருக்கு 12.6, அசிட்டோநைட்ரைலுக்கு 12.2, மெத்தனாலுக்கு 10.8 வேண்டும் என்பதால் மொபைல் ஃபேஸ் அயனியாகாது, நஃப்தலீன் (8.1) போன்றவை ஆகும். அழகான யோசனை. ஆனால் ஒளியை மொபைல் ஃபேஸ் ஆவி விழுங்கிவிடுவதால் நேரடியாகக் கிடைக்கும் அயனி சொற்பம். அதற்குத்தான் டோபன்ட் (இடைத்தரகராகச் சேர்க்கும் பொருள்): டொலுவீன் (8.8) அல்லது அசிட்டோன் (9.7), ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. விளக்கு டொலுவீனை அயனியாக்கும், டொலுவீன் உங்கள் சேர்மத்தை.

பலவளைய அரோமேட்டிக்குகளில் இதுதான் ராஜா. பென்சோபைரீன் 252-இல் எலக்ட்ரானை இழந்த வடிவமாகவே வரும், இஎஸ்ஐயில் அதற்கு இடமே இல்லை. ஒரு எச்சரிக்கை: ரிவர்ஸ்டு ஃபேஸில் (சி18 போன்ற குழலில் நீர் கலந்த கரைப்பான் ஓடும் பிரிப்பு) மெத்தனாலோ அசிட்டோநைட்ரைலோ நிறைய இருந்தால், டொலுவீன் அயனி தன் புரோட்டானை அந்தக் கொத்துகளுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும், எலக்ட்ரான் பரிமாற்றம் நடக்காது. அனிசோலோ குளோரோபென்சீனோ அங்கே தாக்குப்பிடிக்கும். சிக்னல் வாரந்தோறும் மெல்ல இறங்கினால் விளக்கின் ஜன்னலைப் பாருங்கள், படலம் படிந்திருக்கும். மெத்தனால் நனைத்த மென்துணி போதும்.

நார்மல் ஃபேஸில் (அதற்கு மாறாக, நீரில்லாத கரைப்பான் ஓடும் பிரிப்பு) ஹெக்ஸேன் ஓட்டி ஏபிசிஐ அல்லது ஏபிபிஐ போடுபவர்கள் நெபுலைசருக்குக் காற்று கம்ப்ரஸரை இணைத்திருக்கிறார்களா என்று ஒரு முறை குழாயைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். நைட்ரஜன் மட்டும்தான். 400 டிகிரி, ஹெக்ஸேன் ஆவி, ஆக்ஸிஜன், தீப்பொறி என்ற சேர்க்கை யாருக்கும் வேண்டாம்.

அரை நாள் சோதனை

புதுச் சேர்மம் வந்தால் செய்ய வேண்டியது இது. சேர்மத்தைச் சுத்தமான மெத்தனாலில் கரைத்து 10 மைக்ரோலிட்டர் வேகத்தில் சிரிஞ்சிலிருந்து நேராக விட்டு டியூன் செய்யும் பழக்கம்தான் பாதித் தொல்லைக்குக் காரணம். அங்கே கிடைத்த வோல்ட்டேஜும் வெப்பமும் 0.4 மி.லி. தண்ணீர்க் கலவைக்குப் பொருந்தாது. டிரான்ஸிஷன் தேடுவதற்கு மட்டும் அது சரி. சோர்ஸ் அமைப்புகளுக்கு, பீக் வெளிவரும் நேரத்தில் மொபைல் ஃபேஸ் என்ன கலவையில் இருக்குமோ அதையே பம்ப்பில் வைத்து, பிரிகுழலைக் கழற்றி, 1 மைக்ரோகிராம்/மி.லி. கரைசலில் 2 மைக்ரோலிட்டர் வீதம் நேரடியாக ஊசியேற்றுங்கள். இஎஸ்ஐ பாசிட்டிவ், நெகட்டிவ், ஃபார்மிக் அமிலத்தில் ஒன்று, அம்மோனியம் ஃபார்மேட்டில் ஒன்று, ஒரு மில்லிமோலார் அம்மோனியாவில் ஒன்று. பிறகு ஏபிசிஐயில் இரண்டு முனைவு. வெப்பத்தை 50 டிகிரி படிகளாக.

அம்மோனியாவில் பாசிட்டிவா என்று சிரிக்க வேண்டாம். பிஎச் 10-இல், திரவத்தில் மின்னேற்றமே இல்லாத அமீன்கள் பல எலக்ட்ரோஸ்ப்ரேயில் நன்றாகவே எம்+எச் தருகின்றன. அம்மோனியம் அயனி ஆவியில் புரோட்டானை அவற்றுக்குக் கைமாற்றுகிறது. துளிக்குள் பிறப்பு என்று மேலே நான் பிரித்த கோட்டை இந்த ஒரு விஷயம் தாண்டிவிடுகிறது. நடைமுறையில் இது பெரிய வசதி: சி18-இல் பிடிபடாத காரச் சேர்மம் உயர் பிஎச்சில் நன்றாகத் தங்கும், சிக்னலும் போகாது. உயர் பிஎச்சைத் தாங்கும் குழல் மட்டும் வேண்டும்.

எண்களைப் பார்க்கும்போது பீக் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அடித்தளச் சத்தத்துக்கு அதன் விகிதம், ஆறு முறை ஊசியேற்றினால் மாறுபாடு எவ்வளவு, உண்மையான மாதிரிச் சாறில் கலந்தால் எத்தனை சதவீதம் மிச்சம் என்று மூன்றையும் எழுதுங்கள். இஎஸ்ஐ ஐந்து மடங்கு உயரம் காட்டி, சாறில் 30 சதவீதமாகக் கரைந்துபோனால், 95 சதவீதம் நிற்கும் ஏபிசிஐயோடு நான் போவேன். அதிலும் தினம் இருநூறு மாதிரி ஓட்டும் இடமென்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரே நேரத்தில் இஎஸ்ஐயும் ஏபிசிஐயும் மாறி மாறிச் செய்யும் இரட்டை சோர்ஸ்கள் தெரியாத பொருளை வகைப்படுத்த நல்லவை, அளவறிவதற்கு ஒன்றை மட்டும் பொருத்திக்கொள்வது நிம்மதி.

மூன்றிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் மூலக்கூறுக்குக் கைப்பிடி வைக்கலாம். வைட்டமின் டிக்குப் பிடிஏடி என்ற வினைப்பொருளைச் சேர்த்து 298 துண்டைப் பார்ப்பது அப்படித்தான். அதற்கும் வழியில்லாத, ஆக்ஸிஜனோ இரட்டைப் பிணைப்போ எதுவுமில்லாத ஹைட்ரோகார்பன் என்றால், பக்கத்து மேசையில் ஜிசி சும்மாதான் கிடக்கும்.